மேற்பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது?

பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு, ஜப்பான் கார்களில் வரும் மரப்பலகை போன்ற டேஷ்போர்ட் பாகங்கள் புதியவை அல்ல. நானும் பல வருடங்களாக அவற்றை வாங்கி விற்றிருக்கிறேன். ஆரம்பத்தில் அவை அசல் மரம் என்றே நம்பினேன். ஒரு நாள் ஒன்று கைதவறி விழுந்து உடைந்தபோதுதான் உள்ளே இருப்பது வெறும் பிளாஸ்டிக் என்று தெரிந்தது. வளைவுகளிலும் ஓரங்களிலும் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் அந்த மர ரேகையை எப்படி ஏற்றினார்கள் என்பது மட்டும் நெடுநாள் விளங்கவில்லை.

பதில் இங்கிலாந்தில் இருக்கும் என் சகோதரியின் மகனிடமிருந்து கிடைத்தது. மருமகன் பர்மிங்ஹாமுக்கு அருகே ஒரு சிறு பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே மொத்தம் மூன்றே பேர். இலக்குச் சுடும் போட்டிக்குப் பாவிக்கும் துப்பாக்கிகளின் கட்டைக்கு, வாடிக்கையாளர் விரும்பும் நிறத்தையும் கோலத்தையும் ஏற்றிக் கொடுப்பது அவர்களது தொழில். அந்தக் கட்டையை ஆங்கிலத்தில் ஸ்டொக் என்பார்கள். "மாமா, எங்கட கையில இப்ப பதினாலு ஸ்டொக் இருக்கு" என்று அவர் சொன்னதும், கடைக்காரப் புத்தியில் நான், "என்ன சரக்கு மகன்?" என்று கேட்டு மாட்டிக்கொண்டேன்.

துப்பாக்கி என்றதும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் யுத்தத்தைப் பார்த்த நாட்டவர்கள். துப்பாக்கி என்ற சொல்லே நமக்குக் கசக்கும். ஆனால் அங்கே இது ஒரு பழைய விளையாட்டு. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 1890 முதல் போட்டிகள் நடக்கின்றன. 1000 யார், அதாவது 914 மீற்றர் தூரத்திலுள்ள இலக்கைக் குறிபார்க்கும் போட்டியும் அதில் உண்டு. 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியிலோ நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீற்றர்தான். குழலும் இயங்கும் பாகங்களும் அந்நாட்டில் கடும் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. எனவே வாடிக்கையாளர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் கட்டையை மட்டும் பட்டறைக்கு அனுப்புகிறார். நமது நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகருவிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இங்கே இந்தத் தொழிலைத் தொடங்குங்கள் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. அந்த மூன்று பேரின் வியாபார முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது, அதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். இதற்கு ஹைட்ரோ டிப்பிங் என்று பெயர். தண்ணீரில் கரையக்கூடிய மெல்லிய பிலிமில் கோலம் அச்சிடப்பட்டிருக்கும். ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர்த்தொட்டியில் அதை மிதக்க விடுவார்கள். பிலிம் ஊறியதும் ஒரு இரசாயனத்தைத் தெளிப்பார்கள். பிலிம் இளகி, கோலம் மட்டும் மையாக நீரின் மேல் நிற்கும். அந்த நேரத்தில் பொருளைச் சாய்வாகப் பிடித்து, அவசரப்படாமல் அமிழ்த்த வேண்டும். தண்ணீரின் அழுத்தமே மையை எல்லா வளைவிலும் கொண்டுபோய் ஒட்டுகிறது. பிறகு கழுவி, காயவைத்து, மேலே லெக்கர் அடித்தால் வேலை முடிந்தது. மொத்தோயசு நகனிஷி என்ற ஜப்பானியர் இதற்கான இயந்திரத்துக்கு 1982இல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நமது கடைகளிலுள்ள அந்த 'மரப்பலகை'யும் இந்த வழியில் வந்ததுதான்.

தொட்டியில் அமிழ்த்தும் வேலைக்கு ஒரு நிமிடமும் எடுக்காது. வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? இதுக்கா இந்த விலை?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்களாம். ஆனால் வேலை அதற்குப் பல நாள் முன்னரே தொடங்கிவிடுகிறது. வால்நட் கட்டையில் வருடக்கணக்காக எண்ணெய் ஊறியிருக்கும். அதை நீக்காவிட்டால் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. மரம் தண்ணீரைக் குடித்துவிடாதபடி துளைகளை அடைக்க வேண்டும். தேய்த்து, அடிப்பூச்சு அடித்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். இரும்புப் பாகம் கட்டையில் உட்காரும் இடத்தை நாடா ஒட்டி மறைக்க வேண்டும். அங்கே ஒரு படை பெயின்ட் ஏறினாலும் பொருத்தம் மாறி, குறி தவறும். பளபளப்பான லெக்கர் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் பலர் மங்கலானதையே கேட்கிறார்கள்.

பெருவிரல் நுழையும் துவாரம் போன்ற ஆழமான இடங்களில் கோலம் இழுபட்டுத்தான் நிற்கும். கன்னத்தை வைக்கும் பகுதியைத் தனியாகக் கழற்றி அமிழ்த்துவதால் இரண்டு துண்டின் கோலமும் சரியாகச் சேராது. இவை இந்த முறையின் இயல்பு. அந்தப் பட்டறை இவற்றை வேலை எடுக்கும்போதே சொல்லி, பற்றுச்சீட்டிலும் எழுதிவிடுகிறது. வாடிக்கையாளர் அரை மில்லிமீற்றரைக் கணக்குப் பார்க்கும் மனிதர். பிறகு சொன்னால் அது சாக்கு, முன்பே சொன்னால் அது நேர்மை.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் பெரிய துப்பாக்கியொன்றின் கட்டையைக் கொண்டுவந்தாராம். பிடிக்கும் இடத்தில் நூல் போன்ற ஒரு வெடிப்பு. "அதை நிரப்பிட்டு மேல நல்ல கோலமா ஏத்தித் தாங்க, நான் விற்கப் போறேன்" என்றிருக்கிறார். பட்டறைக்காரர் மறுத்துவிட்டார். சுடும்போது ஒவ்வொரு முறையும் பின்னடிக்கும் அதிர்ச்சி அந்த இடத்தில்தான் விழும். வெடிப்பு ஒரு நாள் விரியும். வாங்கியவர் தன் கை சரியில்லை என்று நினைத்து வருடக்கணக்கில் தன்னையே நொந்துகொள்வார். கூலியைக் கூட்டித் தருவதாகச் சொல்லியும் பட்டறைக்காரர் இசையவில்லை. "காசு போச்சு மாமா" என்று மருமகன் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1990களின் நடுப்பகுதியில் நான் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. கப்பலில் வந்த ஒரு பெனலில் மெல்லிய வெடிப்பு இருந்தது. இடுக்கை நிரப்பித் தேய்த்து, லெக்கர் அடித்து, குறையில்லாத பொருளின் விலைக்கு ஒரு ஆசிரியருக்கு விற்றேன். மூன்று மாத வெயிலில் வெடிப்பு மேலே வந்துவிட்டது. அவர் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை, காசும் கேட்கவில்லை. "உங்கட வாப்பா இருந்திருந்தா இதை எனக்குத் தந்திருக்க மாட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அவர் என் கடைக்கு வரவேயில்லை. அந்தப் பெனலில் நான் சம்பாதித்தது சில நூறு ரூபா. வாப்பா முப்பது வருடம் தேடிய பெயரில் எவ்வளவு போனது என்று இன்றுவரை எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

பூச்சுக்குக் கீழே இன்னொன்றும் இருக்கிறது. அது வேலை செய்பவரின் நெஞ்சு. இரண்டு கலவை லெக்கரின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் உண்டு. அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒரு முறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சைப் பிடிக்கும். அந்தப் பட்டறையில் வெளியிலிருந்து சுத்தமான காற்றுக் குழாய் வரும் முகமூடி இல்லாமல் எவரும் லெக்கர் துப்பாக்கியைத் தொடுவதில்லை. நமது கராஜ்களிலோ பையன்கள் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முகமூடியின் விலையையும் மூலதனத்தில் சேர்க்காதவர் இந்தத் தொழிலில் கைவைக்கவே கூடாது என்பது என் கருத்து.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ரியல்ட்ரீ, மொஸி ஓக் போன்ற காட்டுக் கோலங்களுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அனுமதியின்றி அவற்றை அச்சிட்ட மலிவுப் பிலிமை வாங்கி வேலை செய்வதும், போலி உதிரிப்பாகத்தை அசல் பெட்டியில் போட்டு விற்பதும் ஒன்றுதான்.

இங்கே இந்தக் கைத்தொழிலுக்கு இடமில்லையா? இருக்கிறது, துப்பாக்கியில் அல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனத்தைப் புதுப்பித்து ஓட்டும் பழக்கம் வேரூன்றிவிட்டது. மங்கிப்போன டேஷ்போர்ட் பாகங்கள், மோட்டார் சைக்கிள் மூடிகள் என்று வேலை உண்டு. நமது ஈரக் காற்றில் அந்தப் பிலிம் சீக்கிரம் பழுதாகும் என்பதால், இறுக மூடி வைத்துத் தேவைக்கு மட்டும் வாங்க வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பற்றுச்சீட்டில் மூன்று வரி எழுதுங்கள்: கீழே இருப்பது என்ன பொருள், அதில் என்ன குறை கண்டோம், இந்தப் பூச்சு எதைத் தாங்காது. அதை வாசித்து இரண்டு பேர் திரும்பிப் போகலாம். வாங்கும் மூன்றாமவர் தன் மகனையும் நம் கடைக்கே அனுப்புவார். நான் அந்த ஆசிரியருக்கு மூன்று வரி எழுதியிருந்தால், அவரும் அனுப்பியிருப்பார்.