உச்சி லிஸ்ட் ஓகே பாஸ்... ஆனா ஐப்பசியில வேணாமே! - மலையேற்ற ட்ரெண்டும் நம்ம ஊர் மழையும்

மழை கழுவிவிட்ட ஒரு காலையில குருவிகுளத்துல நின்னு மேற்கே பார்த்தீங்கன்னா, கரிசல் காட்டுக்கு அந்தப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீலக் கோடு மாதிரி தெரியும். ஐப்பசி பிறந்துட்டா இந்த ஊர்க்காரங்களுக்கு வானத்து மேலயும் அந்த மலை மேலயும்தான் கண்ணு. மேகம் எந்தப் பக்கம் திரளுது, மழை எப்போ இறங்கும், போட்ட மக்காச்சோளமும் உளுந்தும் தப்பிக்குமா? மானாவாரி பூமியில இது சாதாரணக் கேள்வி இல்லை, ஒரு வருஷ வருமானம்.

அதே ஐப்பசியில, அதே ஊர்ல மொபைலைத் திறந்தா வேற மலை வருது. ஆரஞ்சும் சிவப்புமா இலைகள். ஜாக்கெட் போட்ட நாலு பேர். உச்சியில கையை விரிச்சு ஒரு போட்டோ. '46-ல இது 23-வது சிகரம்'னு கேப்ஷன். அடுத்த நிமிஷம் அந்த ரீல்ஸ் நம்ம வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துடும். 'மக்கா, நாமளும் ஒரு லிஸ்ட் போடுவோம். இந்த அக்டோபர்லயே ஆரம்பிச்சிருவோம்.'

லிஸ்ட் போடுறதுல தப்பே இல்லை. வம்பு அந்த 'அக்டோபர்'லதான் இருக்கு.

இந்த லிஸ்ட் எங்கிருந்து வந்துச்சு?

'பீக் பேக்கிங்'னு சொல்லப்படுற இந்தப் பழக்கம் இன்ஸ்டாகிராம் காலத்துச் சரக்கு கிடையாது. 1891-ல் ஹியூ மன்றோ என்பவர், ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல் உயரமுள்ள மலைகளைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். இன்றைய கணக்கில் அவை 282. 'மன்றோ' என்று அவர் பெயரையே அந்த மலைகளுக்கு வைத்துவிட்டார்கள். அத்தனையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் லட்சியமாக வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் அடிரோண்டாக் மலைகளில் 46 சிகரங்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. 4,000 அடிதான் தகுதி. பிறகு சரியாக அளந்து பார்த்தபோது நான்கு சிகரங்கள் அந்த உயரத்துக்கு வரவில்லை. ஆனாலும் பழைய பட்டியலை யாரும் திருத்தவில்லை. ஜப்பானில் 1964-ல் ஃபுகாடா க்யூயா என்ற எழுத்தாளர் 100 மலைகளைத் தேர்ந்தெடுத்துப் புத்தகம் எழுதினார். உயரத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. அந்த மலைக்கு வரலாறு இருக்கிறதா, தனக்கென்று ஒரு குணம் இருக்கிறதா என்றும் பார்த்தார். அந்த 100-ஐயும் முடிக்க இன்றும் ஜப்பானியர்கள் வார இறுதிகளில் கிளம்புகிறார்கள்.

ஆக, லிஸ்ட் என்பது ஒரு சாக்கு. சும்மா கிடக்கிற ஞாயிற்றுக்கிழமையில் ஒருவரை வீட்டைவிட்டு வெளியே இழுக்கும். ஜிம் மெம்பர்ஷிப்பைவிட இது நல்ல சாக்குதான்.

அவங்க அக்டோபர் வேற... நம்ம அக்டோபர் வேற!

அந்த ஊர்களில் இலையுதிர் காலத்தை மலையேற்றத்தின் பொற்காலமாகக் கொண்டாடக் காரணம் இருக்கிறது. கோடை வெக்கை போயிருக்கும், பனி இன்னும் விழுந்திருக்காது. பூச்சித் தொல்லை குறைந்திருக்கும். இலை நிறம் மாறிக் காடே பற்றி எரிவது மாதிரி இருக்கும். ஒரே நாளில் ஏறி இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

நம்ம காலண்டர்ல அதே மாசம் என்ன? ஐப்பசி அடைமழை. அதைத் தொடர்ந்து கார்த்திகை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அங்க கொசு லீவு போடுற மாசத்துல, இங்க அட்டைப்பூச்சி ஓவர்டைம் பார்க்குது.

அட்டை கடிச்சா உப்பு தடவிக்கலாம். காட்டாறு வந்தா? மலை உச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. கீழே வெயில்கூட அடிக்கும். அரை மணி நேரம் முன்பு முழங்கால் அளவு தண்ணீரில் கடந்த ஓடை, திரும்பி வரும்போது இடுப்புக்கு மேல் ஓடும். தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அது பருவமழை தொடங்கும் முன்பே பெய்த கோடை மழை. அதே மலை ஐப்பசியில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், வெளிச்சம். நாம் மலைக்குக் கிழக்கே இருக்கிறோம். நவம்பரில் சூரியன் மறைய ஆறு மணி ஆனாலும், கிழக்குச் சரிவில் அதற்கு வெகு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். மேகமும் சேர்ந்துவிட்டால் மரத்தடியில் நாலரை மணிக்கே அந்திதான். 'ஆறு மணிக்குள்ள இறங்கிரலாம்'ங்கிற கணக்கு காட்டுக்குள்ள செல்லாது.

திருவண்ணாமலையில் நடந்தது

கார்த்திகை மாதத்தில் உச்சிக்கு ஏறுவது நம் ஊரில் புதிதல்ல. திருவண்ணாமலை மகா தீபத்தன்று மலையேறுவது பலருக்கும் வருடம் தவறாத வழக்கம். ஆனால் 2024-ல் என்ன ஆச்சு? ஃபெஞ்சல் புயல் மழையில், டிசம்பர் 1 அன்று அந்த மலையின் சரிவில் மண் சரிந்து, அடிவாரத்தில் இருந்த வீடு புதைந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். தீபம் டிசம்பர் 13. வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்த பிறகு, பக்தர்கள் ஏற அரசு அனுமதிக்கவில்லை. தீபம் ஏற்ற வேண்டியவர்கள் மட்டும் மேலே போனார்கள். மற்றவர்கள் கீழே இருந்தே தீபத்தைப் பார்த்தார்கள்.

காலங்காலமாகப் போகிறவர்களே அந்த வருடம் நின்றுவிட்டார்கள். அதனால் அவர்கள் பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஏற முடியாதவர்களுக்கு அங்கே எப்போதும் இன்னொரு வழி இருக்கிறது: 14 கிலோமீட்டர் கிரிவலம். உச்சியைத் தொடாமல் மலையைச் சுற்றி வருவதையும் முழு யாத்திரையாகவே நம் ஆட்கள் வைத்திருக்கிறார்கள். லிஸ்ட் கலாசாரத்தில் இதற்கு இடமில்லை. அங்கே உச்சியைத் தொட்டால்தான் ஒரு 'டிக்'. ஐம்பது மீட்டர் முன்னால் திரும்பினால் பூஜ்யம். மழை வருவது தெரிந்தும் ஒருவரைத் 'தா, இன்னும் கொஞ்சம்தான்' என்று மேலே தள்ளுவது இந்த டிக்தான்.

ஏறலாம்... ஆனா கேட்டுட்டு ஏறணும்!

நம் மலைகளுக்கும் அந்த ஊர் மலைகளுக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடப்பவருக்குப் பெரும்பாலான மலைகளில் ஏறச் சட்டமே உரிமை கொடுக்கிறது. இங்கே நாம் மேற்கே பார்க்கும் அந்த நீலக் கோட்டின் வடபகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். 2021-ல் அறிவிக்கப்பட்டது. தெற்கே போனால் களக்காடு-முண்டந்துறை. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். நடுவில் நெல்லை வனவிலங்குச் சரணாலயம். அனுமதி இல்லாமல் உள்ளே போனால் அது சாகசக் கணக்கில் வராது, வனக் குற்றமாகத்தான் பதிவாகும்.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வார இறுதிக்கு வந்த ட்ரெக்கிங் குழுவினர். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 40 பாதைகள், ஆன்லைன் முன்பதிவு, கூடவே வரும் பயிற்சி பெற்ற வழிகாட்டி. மலைவாழ் மக்களும் அடிவார ஊர் இளைஞர்களும் அந்த வழிகாட்டி வேலையில் இருக்கிறார்கள். நல்ல விஷயம். காட்டை அறிந்தவருக்குக் காட்டாலேயே சம்பளம்.

ஆனா ஒரு நெருடல். கட்டணம் சில நூறு ரூபாயில் தொடங்கி, கடினமான பாதைகளுக்கு ஆயிரங்களில் போகிறது. சென்னை ஐ.டி. ஊழியருக்கு அது ஒரு வார இறுதிச் செலவு. சங்கரன்கோவிலில் தறி ஓட்டும் பையனுக்கு? பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் மலை, அவனுக்கு எட்டாத டிக்கெட்டாக இருக்கிறது. சட்டப்படியான வழி எட்டாதபோது, 'எனக்கு ஒரு வழி தெரியும்டா' என்று கூப்பிடும் நண்பனின் பைக்கில் ஏறத்தான் தோன்றும். ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. அடிவார மாவட்டங்களின் மாணவர்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் சலுகைக் கட்டணம் வைப்பது தர்மம் மட்டுமல்ல, பாதுகாப்பு ஏற்பாடும்கூட.

உயரத்தை விடுங்க, மாசத்தைப் பாருங்க

அப்போ நமக்கு லிஸ்ட்டே வேணாமா? வேணும். ஆனா நமக்குன்னு ஒண்ணு.

உயரத்தை வைத்துப் போட்டால் காமெடி ஆகிவிடும். தமிழ்நாட்டின் உயரமான சிகரம் 2,637 மீட்டர் தொட்டபெட்டா. அங்கே கார் போகிறது, மேலே டீயும் கிடைக்கும். பொதிகையின் அகத்தியமலை 1,868 மீட்டர்தான். ஆனால் அதற்குக் கேரள வனத்துறை அனுமதி வாங்கி, போனக்காடு வழியாக, ஆண்டின் தொடக்க மாதங்களில் மட்டும் போக முடியும். போய் வர மூன்று நாள். தென்னிந்தியாவின் உச்சியான ஆனைமுடியோ வரையாடுகளின் வீடு, இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது.

அதனால் மாதத்தை வைத்துப் போடுங்கள்.

* ஐப்பசி, கார்த்திகை: காட்டுக்குள் வேண்டாம். மழை இல்லாத நாளில், சமவெளியில் தனியாக நிற்கும் சின்னக் குன்றுகள் போதும். குருவிகுளம் ஆட்களுக்குப் பக்கத்திலேயே கழுகுமலை இருக்கிறது. பாண்டியர்கள் ஒரே பாறையில் குடைந்த வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் அதே மலையில். மேலே ஏறி நின்றால் நனைந்த கரிசல் விரிந்து கிடக்கும். நமக்கு இலையுதிர் காலம் கிடையாது. ஆனால் வருடத்தில் இந்தப் பூமி பச்சையாகத் தெரியும் மாதங்கள் இவை. மதுரைப் பக்கம் சமணர் மலையும் அரிட்டாபட்டியும் இதே வகை. இடி இடித்தால் மட்டும் வெட்டவெளிப் பாறையில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள்.
* மார்கழிக் கடைசி, தை: மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, ஓடைகள் அடங்கியிருக்கும். நம்முடைய உண்மையான 'அக்டோபர்' இதுதான். பெரிய மலைகளுக்கான முன்பதிவை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.
* மாசி முதல் சித்திரை வரை: காய்ந்த புல், காட்டுத்தீ அபாயம். குரங்கணி நடந்தது இந்தப் பருவத்தில்தான். பல பாதைகள் மூடப்படும். கோவை வெள்ளியங்கிரிக்கு இதுவே சீசன் என்றாலும், 2024-ல் அங்கே மூச்சுத்திணறலிலும் மாரடைப்பிலும் பலர் இறந்ததை மறக்க வேண்டாம்.
* ஆனி, ஆடி: குற்றாலச் சாரல். அருவியைக் கீழே நின்று பார்க்கும் காலம்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன எளிய கணக்கு இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால், நிற்காமல் நடந்தாலே 2 மணி 42 நிமிடம். புதியவர்களுக்கும் நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள். இறங்க இரண்டரை மணி நேரம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் மதியம் ஒன்றரைக்குக் கீழே. 'பரோட்டா சாப்ட்டுட்டுக் கிளம்பலாம்'னு 11 மணிக்கு ஆரம்பிச்சா? இறங்கும்போது அந்த நாலரை மணி இருட்டு வழியில் காத்திருக்கும்.

கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். முதல் நாள் இரவும் அன்று காலையும் வானிலை ஆய்வு மைய எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 சென்டிமீட்டர் மழை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். இரண்டில் எது இருந்தாலும் வீட்டில் தூங்குங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காட்டுக்குள் டவர் இருக்காது, லொகேஷன் அனுப்ப முடியாது.

லிஸ்ட்டை ஆரம்பித்துவைத்த மன்றோவின் கதையோடு முடிப்போம். அவர் 1919-ல் இறந்தபோது அவருடைய பட்டியலிலேயே சில உச்சிகள் பாக்கி இருந்தன. பெயர் கொடுத்தவரே முடிக்காத லிஸ்ட்டை நீங்க இந்த வருஷமே முடிக்கணும்னு ஒரு அவசரமும் இல்லை.

இந்த ஐப்பசிக்கு அந்த நீலக் கோடு மழையை அனுப்பட்டும். உளுந்து தப்பிக்கட்டும். தை பிறந்ததும் ஷூ லேஸைக் கட்டிக்கலாம் மக்கா!