கணக்குக் கேட்போருக்குக் காப்பு வேண்டும்

மக்களின் வரிப்பணம் எவ்வாறு செலவிடப்படுகின்றது என்று அரசைக் கேட்பது பாராளுமன்றத்தின் முதற்கடமை. ஆயினும் நிதியமைச்சின் கணக்கை நிதியமைச்சு தரும் விளக்கத்தைக் கொண்டே சரிபார்க்கும் உறுப்பினர், கடைக்காரர் எழுதிய சிட்டையை வைத்தே கடைக்காரரின் நேர்மையை அளப்பவர் ஆகிறார். இந்தக் குறையை நீக்கவே கனடா, 2006ஆம் ஆண்டின் மத்திய அரசு பொறுப்புக்கூறல் சட்டத்தின் மூலம் பாராளுமன்ற வரவு செலவுத் திட்ட அலுவலர் என்ற பதவியை உருவாக்கியது.

நோக்கம் நல்லது. ஆனால் சட்டம் அரைகுறையானது. அலுவலர் பாராளுமன்ற நூலகத்தின் ஓர் அங்கமாகவே வைக்கப்பட்டார். அவரது பதவிக்காலம் ஐந்தாண்டுக்கு மேற்படாதது. அதுவும் அரசின் விருப்பம் உள்ளவரைதான். 2008இல் முதலாவது அலுவலராகப் பொறுப்பேற்ற கெவின் பேஜ், அதே ஆண்டுத் தேர்தற் காலத்திலேயே ஆப்கானிஸ்தான் போரின் செலவு 2011 வரை 18 பில்லியன் டொலரை எட்டலாம் என மதிப்பிட்டார். 65 எஃப்-35 போர் விமானங்களின் கொள்வனவுக்கு 9 பில்லியன் டொலர் என அரசு கூறி வந்தது. 30 ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்தால் 29 பில்லியனைத் தாண்டும் என்று 2011இல் அவர் அறிவித்தார். அரசு அவரைப் பாராட்டவில்லை. செலவுக் குறைப்புகள் பற்றிய தகவல்களைத் திணைக்களங்கள் தர மறுத்தபோது அவர் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. 2013இல் அவ்விண்ணப்பம் தள்ளுபடியானது. எனினும் இத்தகைய விடயத்தில் நீதிமன்றம் தலையிடவே முடியாது என்ற வாதத்தையும் மன்று ஏற்கவில்லை.

2017இல் சட்டம் திருத்தப்பட்டது. அலுவலர் நூலகத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் பாராளுமன்றத்தின் சுதந்திர அதிகாரியானார். ஏழாண்டுப் பதவிக்காலம், இரு சபைகளின் அங்கீகாரத்துடன் நியமனம், தகுந்த காரணமின்றி நீக்க முடியாமை ஆகியன உறுதியாயின. அத்திருத்தத்தின் முதல் வரைவோ, அவருடைய ஆண்டு வேலைத்திட்டத்தை இரு சபைகளின் சபாநாயகர்களும் அனுமதிக்க வேண்டும் என்றிருந்தது. கண்டனம் எழுந்த பின்னரே அது கைவிடப்பட்டது. சுதந்திரம் தருவதாகச் சொல்லும் சட்டத்துக்குள்ளேயே கடிவாளமும் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இதுவொரு சான்று.

இவை ஒட்டாவாப் பிரமுகர்களின் விவகாரம், நமக்கென்ன என்று மொன்றியல் வாழ் தமிழர் எண்ணலாகாது. 2017 கோடையில் றொக்ஸ்ஹாம் வீதி வழியாக எல்லை தாண்டி வந்தோர் நமது நகரின் ஒலிம்பிக் விளையாட்டரங்கில் தங்கவைக்கப்பட்ட நாட்களை மறந்திருக்க மாட்டோம். அகதிகளால் நாடு திவாலாகும் என்று ஒரு சாராரும், செலவே பெரிதில்லை என்று மறு சாராரும் பேசினர். 2018 நவம்பரில் அலுவலர் கணக்கை முன்வைத்தார்: அவ்வாறு வந்த ஒருவருக்கு மத்திய அரசின் செலவு சராசரியாக 14,321 டொலர். முதல் விசாரணையிலேயே ஏற்கப்படுபவருக்கு அது 10,000 டொலருக்குச் சற்றுக் குறைவு. எல்லா மேன்முறையீடுகளும் முடியும்வரை காத்திருப்பவருக்கு 33,000க்கும் மேல். விசாரணை நீள நீளச் செலவும் ஏறுகின்றது என்பது இதனால் வெளிப்பட்டது. இக்கணக்கு நமக்குச் சாதகமானதா, பாதகமானதா என்பதல்ல விடயம். வதந்திக்குப் பதிலாக நம்பத்தக்க எண் ஒன்று கிடைத்தது. வாக்குப் பலமில்லாத ஏதிலிகளுக்கு அதுவே அரண்.

ஆனால் 2017இன் சட்டமும் ஓட்டையற்றதன்று. அலுவலர் ஈவ் ஜிரூவின் பதவிக்காலம் 2025 செப்ரெம்பரில் முடியும் என்பது ஏழாண்டுகளுக்கு முன்னரே தெரிந்த செய்தி. இருந்தும் உரிய காலத்தில் நிரந்தர நியமனம் நிகழவில்லை. ஆறு மாதங்களுக்கு மேற்படாத இடைக்கால அலுவலரை இரு சபைகளின் அங்கீகாரமின்றி அரசே நியமிக்கலாம் என்ற பிரிவு பயன்பட்டது. நவம்பரில் புதிய வரவு செலவுத் திட்டம் வந்தபோது, அதனை ஆராயும் பொறுப்பு இடைக்கால அலுவலரின் தலையிலேயே இருந்தது. இடைக்காலத்தில் இருப்பவர் எத்துணை நேர்மையாளராயினும், அவரது நாளைய நாற்காலி பிறர் கையில் உள்ளது. பூனைக்கு மணி கட்டுபவரின் பிழைப்பு பூனையின் தயவில் இருத்தல் தகாது.

இலங்கையிலும் இவ்வாறான அலுவலகத்துக்கு 2023இல் சட்டம் இயற்றப்பட்டது. வெள்ளம் வந்தபின் கட்டிய அணை அது. 2019இன் இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டபோது, திறைசேரி இழக்கப்போகும் வருமானத்தைக் கணித்துச் சொல்லச் சுதந்திரமான பாராளுமன்ற அலுவலர் எவரும் இருக்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென நாடு கைவிரித்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. எச்சரிக்கும் குரல் இல்லாமையும் ஒன்று. பாதுகாப்புக்கு எவ்வளவு, வடக்குக் கிழக்குக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் கேட்கும் தமிழ் உறுப்பினர்களுக்கு இவ்வலுவலகம் கருவியாக வேண்டுமாயின், கனடாவின் தவறுகளைக் கொழும்பு கற்றறிய வேண்டும்.

நாம் வேண்டுவன மூன்று. அடுத்தவரை இரு சபைகளும் அங்கீகரிக்கும்வரை பதவியில் இருப்பவரே தொடரச் சட்டம் இடமளிக்க வேண்டும். தகவல் மறுக்கப்பட்டால் சபாநாயகர்களிடம் முறையிடுவதோடு நில்லாது, நீதிமன்றம் செல்லும் உரிமை தெளிவாக எழுதப்பட வேண்டும். அலுவலகத்தின் நிதியை அரசு விரும்பியவாறு குறைக்க முடியாதிருக்க வேண்டும். இவற்றைத் தொகுதி உறுப்பினரிடம் கேட்கும் உரிமை, இங்கு உழைத்து வரி செலுத்தும் நமக்கும் உண்டு. வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வருவோரிடம் இதனையும் கேட்போம்.