லேப்டாப் போனால் விண்டோஸும் போச்சா?

எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் சித்தப்பாவின் லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. மாற்றுவதற்கு ஆகும் செலவில் பழைய டெஸ்க்டாப்பே கிடைக்கிறது என்று ஒன்றை வாங்கி வந்தார். அதில் விண்டோஸ் இல்லை.

"லேப்டாப் வாங்கறப்ப விண்டோஸுக்கும் சேத்துத்தானே கண்ணு காசு குடுத்தேன்? அதைக் கழட்டி இதுல மாட்டிக் குடு" என்றார். சாப்ட்வேர் என்ஜினியரான நான் முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

விண்டோஸைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினால் அது ரீடெயில் லைசென்ஸ். பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டு உங்களுடைய இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வருவது ஓ.இ.எம். லைசென்ஸ். இது லாரியின் ஆர்.சி. புத்தகம் மாதிரி. வண்டியை விற்றால் கூடவே போகும். அதை மட்டும் எடுத்து வேறு வண்டிக்கு வைத்துக்கொள்ள முடியாது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பிராண்டட் கம்ப்யூட்டர்களில் ப்ராடக்ட் கீ மதர்போர்டு சிப்பிலேயே பதிந்து வருகிறது. ராம், ஹார்ட் டிஸ்க் மாற்றலாம். வாரண்டியில் கம்பெனியே மதர்போர்டு மாற்றித் தந்தாலும் லைசென்ஸ் செல்லும்.

விதி இதுதான். ஆனால் சித்தப்பா கேட்டதில் என்ன தப்பு? அவருடைய பில்லில் லேப்டாப் என்று ஒரே தொகைதான் இருக்கிறது. விண்டோஸுக்கு எவ்வளவு, எந்த லைசென்ஸ் என்று ஒரு வரி கூட இல்லை. ஜெர்மனியில் ஓ.இ.எம். பிரதியைத் தனியாக விற்ற வியாபாரி மீது மைக்ரோசாப்ட் வழக்குப் போட்டது. 2000-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வியாபாரி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், பில்லில் அச்சிட்டுத் தருவதையாவது இங்கே கட்டாயமாக்கலாம்.

உங்கள் விண்டோஸ் எந்த வகை? கமாண்ட் பிராம்ப்டில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துக்களையும் சேர்த்து அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்வுக்கோடு போட்டு, அதை ஒட்டியே டி, எல், ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சிறிய விண்டோவில் ரீடெயில் அல்லது ஓ.இ.எம். என்று வரும். புதிதாக வாங்குபவர்கள் கடையிலேயே இதைப் பார்த்துவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கீ தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று அவர்களாலேயே சொல்ல முடியாது.

சித்தப்பாவின் டெஸ்க்டாப்புக்கு விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபரோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். முட்டைக் கணக்கு இப்போது லிப்ரே ஆபீஸில் ஓடுகிறது. பிரின்டர்தான் இன்னும் வம்பு செய்கிறது.