கல்யாணம் குல்யாணம் ஆன கதை

கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் அடிக்க உட்காருகிறார் ஒரு டிடிபி ஆபரேட்டர். மைக்ரோசாஃப்ட் வேர்டு, பாமினி எழுத்துரு. முதல் வரியில் "கல்யாணம்" என்று அடிக்கிறார். திரையில் "குல்யாணம்" என்று வருகிறது! அழித்துவிட்டு மறுபடி அடிக்கிறார். மறுபடியும் குல்யாணம். கீபோர்டு போச்சா, வைரஸா என்று மண்டை காய்கிறது.

ஒன்றுமே ஆகவில்லை. வேர்டு "உதவி" செய்கிறது, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். சின்ன எஃப் அடித்தால் 'க', பெரிய எஃப் அடித்தால் 'கு'. வேர்டுக்கு இது தமிழ் என்றே தெரியாது. ஆங்கில வாக்கியம் சின்ன எழுத்தில் தொடங்குகிறதே என்று நினைத்து, கேட்காமலே பெரிய எழுத்தாக்கிவிடும். அதே கணக்கில் 'தமிழ்' துமிழ் ஆகும். ஒரு சொல்லில் முதல் இரண்டும் பெரிய எழுத்தாக இருந்தால் இரண்டாவதைச் சின்னதாக்கும் இன்னொரு விதியும் உண்டு. அதன் தயவில் 'முருகன்' முரகன் ஆகிவிடுவார். சாமி பெயருக்கே இந்தக் கதி!

யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தமிழுக்குத் தனி இடம் உண்டு, தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்தும் கிடையாது. தமிழக அரசு 2010லேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டது. ஆனால் பழைய ஃபைல்களும் பழகிய விரல்களும் அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

சரி, யூனிகோடில் அடித்தால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. மூன்று கோடு போட்டு என்டர் தட்டினால் பக்கம் முழுக்க ஒரு கோடு நீளும். அதை மவுஸால் பிடிக்கவும் முடியாது, டெலீட் செய்யவும் முடியாது (அது எழுத்தே இல்லை, பத்தியின் பார்டர்). "1." என்று அடித்தால் அடுத்த வரியில் "2." தானாக முளைக்கும். பழைய வேர்டில் நெட்டிலிருந்து ஒரு பத்தியை ஒட்டினால் அதன் கலரும் சைஸும் கூடவே வந்து இறங்கும். பி.காம். பிராஜக்ட் சப்மிட் செய்ய ஒரு ராத்திரி பாக்கி இருக்கும்போதுதான் இதெல்லாம் சேர்ந்து வரும் என்பது உலக நியதி.

மற்ற ஊரில் இது வெறும் எரிச்சல். சிவகாசியில் இது காசு. தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அடிக்கத் தொடங்கி, காலண்டர், டைரி, நோட்டு என்று நாட்டுக்கே அச்சடிக்கும் ஊர் இது. பிளேட் போட்டு மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் ஒரு தப்பு ஒன்றோடு நிற்காது, ஆயிரக்கணக்கில் பெருகும். பேப்பர் போச்சு, மை போச்சு, நேரம் போச்சு. அதன்பின் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி, "யார் டைப் பண்ணினது?" என்பதுதான். சாஃப்ட்வேரை யாரும் கேட்பதில்லை. திட்டு வாங்குவது மாசச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர்.

இது நியாயமா?

கணக்குப் பாடத்திலிருந்தே ஒரு உதாரணம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியக் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில், எந்தப் பதிவை எப்போது மாற்றினாலும் அது தானாகக் குறிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அதை அணைத்து வைக்கவும் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல் மாற்றுவது ஆபத்து என்பதால்தானே? அப்படியிருக்க எழுத்தை மட்டும் கேட்காமல் மாற்றுவது எப்படி "வசதி" ஆகும்?

ஆட்டோகரெக்ட் கெட்டது என்று சொல்வதற்கில்லை. 1993இல் வேர்டு 6 வந்தபோது ஆங்கிலத்தில் வேகமாக அடிப்பவர்களுக்கு அது பெரிய வரம். தப்பு அதன் முடிவில் இல்லை, மௌனத்தில் இருக்கிறது. எக்ஸலும் இதே ஜாதிதான். பில் நம்பர் 3-10 என்று அடித்தால் அக்டோபர் 3 என்று தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் விஞ்ஞானிகள் சில மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள்! தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை எக்ஸல் 2023இல்தான் தந்தது. சாஃப்ட்வேருக்காக மனிதன் பெயர் மாற்றும் நிலைமை வந்த பிறகு.

ஆனால் வேர்டில் நிறுத்தும் வழி ரொம்ப நாளாகவே இருக்கிறது. தப்பாக மாறிய அந்த நொடியே கன்ட்ரோல் இசட் அடித்தால் அந்த மாற்றம் மட்டும் போகும், அடித்தது அப்படியே நிற்கும். நிரந்தரமாக நிறுத்த ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய் வேண்டாத டிக்குகளை எடுத்துவிடலாம். பிடிவாதக் கோட்டுக்கு பார்டர்ஸில் நோ பார்டர். நெட்டிலிருந்து ஒட்டும்போது கீப் டெக்ஸ்ட் ஒன்லி. மொத்தம் ஐந்து நிமிட வேலை.

ஆனால் கம்ப்யூட்டர் வகுப்பில் போல்டு, இட்டாலிக் எல்லாம் சொல்லித் தருகிறார்களே தவிர, இந்த ஐந்து நிமிடத்தைச் சொல்லித் தருவது அபூர்வம். முதல் நாள் முதல் பாடமே இதுவாக இருக்க வேண்டும். மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அதை நிறுத்தும் ஸ்விட்ச் எங்கே என்றுதானே முதலில் காட்டுவார்? பட்டாசுத் திரி கொளுத்தும் ஊருக்கு இதைத் தனியாகச் சொல்லவா வேண்டும்!