குளிர்காற்றில் ஓர் ஆட்காட்டி

பங்குனி முடியப்போகிறது, ஆயினும் வசந்தம் நாட்காட்டியில் மட்டுமே வந்திருக்கிறது. நெதர்லாந்தின் வட மாகாணமாகிய பிறீஸ்லாந்தின் புல்வெளியில் கடந்த வாரம் நின்றபோது, வடகடலிலிருந்து வீசிய காற்று கையுறைக்குள்ளும் விரல்களை விறைக்கச் செய்தது. ஒதுங்கி நிற்க ஒரு மரமும் இல்லை.

திடீரெனத் தலைக்கு மேலே ஒரு பறவை கரணமடித்துக் கூவியது. தலையிற் கொண்டை, அகன்ற கருஞ்சிறகுகள். அக்குரலைக் கொண்டே டச்சு மக்கள் அதனைக் 'கீவிட்' என அழைக்கின்றனர். எமது வயல்களில் ஆளரவம் கேட்டதும் அலறும் ஆட்காட்டியின் நெருங்கிய உறவு இது. அவர்கள் குரலைப் பெயராக்கினர். நாம் செயலைப் பெயராக்கினோம்.

இரண்டும் தரையிலேயே முட்டையிடுபவை. சிறு குழி, அதனுள் பெரும்பாலும் நான்கு முட்டைகள். மண்ணோடு கலந்து தெரியும் நிறமே அவற்றின் காவல். பகைவரின் கண்ணுக்கு முட்டையை மறைக்கும் அந்நிறமே, இயந்திரம் ஓட்டும் விவசாயியின் கண்ணுக்கும் அதனை மறைத்துவிடுகிறது.

ஆண்டின் முதல் முட்டையைக் கண்டவரைக் கொண்டாடுவது இங்கு நெடுநாள் வழக்கம். முன்னர் முட்டையை எடுத்துச் சென்றனர். இன்று அதற்கு அனுமதியில்லை. மாறாக, தொண்டர்கள் அருகே குச்சிகளை நாட்டுகின்றனர். விவசாயி அவ்விடத்தை விலக்கி இயந்திரத்தைச் செலுத்துகிறார்.

எம்மை அழைத்துச் சென்ற முதியவர் இரண்டு குச்சிகளை நாட்டியதும், விரைந்து விலகுமாறு சைகை காட்டினார். நாம் நின்றால் முட்டைகள் குளிர்ந்துவிடும். தொலைவிலிருந்து திரும்பிப் பார்த்தோம். காற்றை எதிர்நோக்கியவாறு தாய்ப்பறவை மீண்டும் அமர்ந்திருந்தது.