கிட்டார் பெயின்ட்டை உரிக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு, வீட்டுல மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு படுத்திருக்கீங்களா? அப்படின்னா இந்த வார மேட்டர் உங்களுக்குத்தான்.

திருச்சியில இன்ஜினீயரிங் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார். ‘‘அண்ணா, எங்க சீனியர் ஒருத்தர் காலேஜை விட்டுப் போறப்ப அவரோட எலெக்ட்ரிக் கிட்டாரை எனக்கு 3,000 ரூபாய்க்குக் கொடுத்துட்டுப் போனார். சவுண்டு சூப்பர். ஆனா பெயின்ட் அங்கங்கே பேர்ந்து, சொறி பிடிச்ச மாதிரி இருக்கு. வீட்டுலயே உரிச்சுட்டுப் புதுசா பெயின்ட் அடிக்கலாமா? அடுத்த மாசம் எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்!’’

தம்பி, தாராளமா அடிக்கலாம். ஆனா அடுத்த மாசக் கல்ச்சுரல்ஸை மறந்துடுங்க. ஏன்னு கேட்டா, நான் வாங்கின பல்பைத்தான் சொல்லணும்.

2004. நான் செகண்ட் இயர். அண்ணன் வேலை கிடைச்சு பெங்களூரு கிளம்பினப்ப, தன்னோட கறுப்பு கிட்டாரை ‘வெச்சுக்கோடா’னு என்கிட்ட கொடுத்துட்டுப் போனார். கல்ச்சுரல்ஸுக்கு அஞ்சே நாள். கறுப்பை சிவப்பா மாத்தணும்னு எனக்கு ஒரு வெறி. மொட்டை மாடி, உப்புத்தாள், கதவுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட் ஒரு டின், ஒரு பிரஷ்... அவ்வளவுதான் என்னோட டெக்னாலஜி! மேடையில ரெண்டாவது பாட்டு முடிஞ்சு கையை எடுத்தேன். சட்டை வரலை. முழங்கைப் பக்கம் கிட்டாரோட ஒட்டிக்கிச்சு. பிடிச்சு இழுத்தேன், ‘பர்ர்ர்’னு சத்தம், மைக்ல! முன்வரிசையே விழுந்து விழுந்து சிரிச்சது.

அது சின்ன பல்பு. அந்தக் கிட்டார்ல நான் வாங்கின பெரிய பல்பு ஒண்ணு இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல, உரிச்சே ஆகணுமா?

கிட்டார் வெறுமனே மங்கிப் போயிருந்தா, கார் பாலிஷ் பண்ற ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்ச்சாலே பளபளனு வந்துடும். சின்னச் சின்னதா பேர்ந்திருந்தா அதே கலர்ல டச்-அப் போதும். நெயில் பாலிஷ்கூட ஓகே. சிரிக்காதீங்க... பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன் 1967-ல தன்னோட ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு அவரே கலர் கலரா பெயின்ட் அடிச்சப்ப, தலைப்பகுதிக்கு மனைவியோட நெயில் பாலிஷைத்தான் எடுத்துப் பூசினார்!

கிட்டார் பழசு, நல்ல கம்பெனி ஒரிஜினல்னா கையை வைக்காதீங்க. ஒரிஜினல் பெயின்ட் போச்சுன்னா மதிப்பும் கூடவே போயிடும்.

‘பெயின்ட்டை எடுத்தா சவுண்டு பிரமாதமா மாறிடும்’னு யாராவது சொன்னா, அதை நம்பி மட்டும் இறங்காதீங்க. ஜான் லெனன் தன்னோட எபிஃபோன் கேஸினோவை 1968-ல உரிச்சு வெறும் மரமாக்கினார். 1969 ஜனவரி 30-ம் தேதி லண்டன்ல மொட்டை மாடியில நடந்த அந்த ஃபேமஸ் கச்சேரியில அவர் கையில இருந்தது அதுதான். உரிச்ச பிறகு கிட்டார் இன்னும் நல்லா ஒலிக்குதுன்னு பீட்டில்ஸ்காரங்க நம்பினாங்க. ஆனா அது உள்ளே கூடா இருக்கிற கிட்டார். உங்ககிட்ட இருக்கிறது கட்டைக் கிட்டார். இதுல சவுண்டைத் தீர்மானிக்கிறது பெரும்பாலும் பிக்கப்பும், ஸ்ட்ரிங்கும், ஆம்ப்பும், உங்க விரலும்தான். அழகுக்காக உரிக்கிறேன்னு சொல்லுங்க, அது நியாயம்.

கழட்டுறதுலயே இருக்கு பாதி வேலை

ஸ்ட்ரிங்கை ‘டப்’னு வெட்டாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா தளர்த்திட்டு எடுங்க. அப்புறம் பின்பக்கம் இருக்கிற நாலு ஸ்க்ரூவைக் கழட்டினா நெக் தனியா வந்துடும். ஸ்ட்ராட் மாடல்னா முன்பக்க பிளாஸ்டிக் தட்டைத் தூக்கினாலே பிக்கப், வயர், நாப் எல்லாம் அதோடயே வரும். அவுட்புட் ஜாக்குக்குப் போற வயரையும், பின்னாடி ஸ்பிரிங் பக்கம் போற எர்த் வயரையும் மட்டும் சால்டரிங் அயர்ன் வெச்சு விடுவிக்கணும். எது எங்கே ஒட்டியிருந்ததுன்னு செல்போன்ல நாலு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. ஸ்க்ரூ எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒரே சைஸ் இல்லை. முட்டை அட்டையில குழிக்கு ஒரு வகையா போட்டு, பக்கத்துல பேர் எழுதிடுங்க.

உரிக்கிற படலம்

இப்ப வர்ற சாதாரண கிட்டார்கள்ல இருக்கிறது பாலியெஸ்டர் இல்லேன்னா பாலியூரித்தேன். கண்ணாடி மாதிரி கெட்டி. உப்புத்தாளால தேய்ச்சே எடுக்கலாம்னு நினைச்சா விடிஞ்சுடும். ஹார்டுவேர் கடையில கிடைக்கிற பெயின்ட் ரிமூவர் பாலியெஸ்டர்கிட்ட பெருசா பப்பு வேகாது. அதுவும் டின்ல ‘மெத்திலீன் குளோரைடு’னு போட்டிருந்தா அப்படியே கீழே வெச்சுடுங்க. மூடின ரூம்ல அதோட ஆவியைச் சுவாசிச்சு உயிரே போயிருக்கு. அமெரிக்காவுல அது சேர்ந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விக்கிறதையே 2019-ல தடை பண்ணிட்டாங்க.

இருக்கிறதுல நல்ல வழி ஹீட் கன். ஒரே இடத்துல காட்டாம ஆட்டிக்கிட்டே இருங்க. பூச்சு இளகி லேசா உப்பும். அப்ப பட்டி போடுற தகடை நுழைச்சா, தோசை மாதிரி எழும்பி வரும். ஒரே இடத்துல நிறுத்தினீங்கன்னா மரம் கருகிடும். அந்தக் கரி சுலபத்துல போகாது. மாடியிலயோ வாசல்லயோ வெச்சுப் பண்ணுங்க. அந்தப் புகை நல்லதில்லை. நல்ல மாஸ்க், கண்ணாடி, கிளவுஸ் மூணும் கட்டாயம். கர்ச்சீஃப் கட்டிக்கிட்டா மாஸ்க் ஆகாது பாஸ்!

மிச்சத்துக்குத்தான் உப்புத்தாள். 80-ல ஆரம்பிச்சு 120, 180, 220, 320-னு போகணும். நம்பர் ஏற ஏறத் தாள் வழவழப்பாகும். அவசரப்பட்டு நடுவுல ஒண்ணைத் தாண்டினா, முந்தின தாளோட கீறல் அப்படியே நிக்கும். பெயின்ட் அடிச்ச பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். தாளை ஒரு கட்டையில சுத்திக்கிட்டு, மர ரேகை ஓடுற திசையிலேயே தேய்ங்க. வெறும் விரலால தேய்ச்சா குழி விழும்.

ரொம்ப முக்கியம்: நெக் வந்து உட்கார்ற அந்தக் குழியைத் தேய்க்கவே தேய்க்காதீங்க. மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிடுங்க. அங்கே கொஞ்சம் மரம் போனாலும் நெக் ஆடும், கிட்டாரோட கணக்கே மாறிடும்.

உள்ளே என்ன இருக்கும்?

சினிமாவுல வர்ற மாதிரி, பெயின்ட்டுக்குக் கீழே தங்கமா ஜொலிக்கிற மரம் இருக்கும்னு கனவு காண்றீங்களா? விலை குறைஞ்ச கிட்டார்ல மூணு நாலு மரத்துண்டை ஒட்டி, ஓட்டையைப் பட்டி வெச்சு அடைச்சு, அது தெரியாம இருக்கத்தான் கெட்டிப் பெயின்ட்டே அடிச்சிருப்பாங்க. சிலதுல பிளைவுட்டும் இருக்கும். நல்ல ரேகை தெரிஞ்சா கிளியர் கோட். இல்லையா, பழையபடி கலர்தான். அதனால ‘மரக் கலர்ல விடப்போறேன்’னு ஊரெல்லாம் சொல்லிட்டு ஆரம்பிக்காதீங்க. உரிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கலர்னா மட்டம்னு நினைக்க வேண்டாம். 1950, 60-கள்ல ஃபெண்டர் கம்பெனி விதவிதமான கலர் கொடுத்ததே கார்களுக்கு அடிக்கிற டூபாண்ட் பெயின்ட்டை வெச்சுத்தான். எடி வான் ஹேலன் தன்னோட ஃபேமஸ் கோடு போட்ட கிட்டாருக்கு, 50 டாலருக்கு ஒரு கழிச்சுப் போட்ட பாடியை வாங்கி, டேப் ஒட்டி ஒட்டி, சைக்கிள் பெயின்ட்டை ஸ்ப்ரே பண்ணினார். நம்ம ஊர் கார் பெயின்ட் கடைக்கு நீங்க கூச்சப்படாமப் போகலாம்.

அடிக்கிறது... காய வைக்கிறது... காத்திருக்கிறது!

கடையில ‘என்.சி. லேக்கர்’னு கேளுங்க. முதல்ல சாண்டிங் சீலர், அப்புறம் கலர், கடைசியில கிளியர். மகோகனி, ஆஷ் மாதிரி துவாரம் உள்ள மரம்னா சீலருக்கு முன்னாடி கிரெய்ன் ஃபில்லரும் வேணும். நெக் குழியில இருக்கிற ஸ்க்ரூ ஓட்டைகள்லயே ஒரு மரக்குச்சியை முடுக்கி, பாடியைத் தொங்க விடுங்க. ஒரு அடி தள்ளி நின்னு, மெல்லிசா ஸ்ப்ரே பண்ணுங்க. ஒரே தடவையில மூடிடணும்னு அடிச்சா ஒழுகும். ரெண்டு கெட்டிக் கோட்டைவிட ஆறு மெல்லிய கோட் ஆயிரம் மடங்கு மேல்.

மழைக்காலத்துல லேக்கர் பக்கமே போகாதீங்க. அக்டோபர், நவம்பர்ல காத்துல இருக்கிற ஈரம் பூச்சுல மாட்டிக்கிட்டு, பால் ஊத்தின மாதிரி வெள்ளையா பூத்துடும். சென்னை, தூத்துக்குடினு கடலோரம் இருக்கிறவங்களுக்கு டபுள் ஜாக்கிரதை. காலை பத்து மணிக்கு மேல, நல்ல வெயில் நாள்ல, நிழல்ல வெச்சு அடிங்க. லேக்கரும் தின்னரும் சட்டுனு தீப்பிடிக்கும். பக்கத்துல கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் கூடாது.

ஸ்ப்ரே எல்லாம் தொல்லைப்பான்னா, மரத்துக்கு எண்ணெய் பூசலாம். ஆளி விதை எண்ணெய் ஃபினிஷைத் துணியில தொட்டுத் தேய்ச்சு, மிச்சத்தைத் துடைச்சு, காயவிட்டு மறுபடி பூசணும். சுலபம்தான். ஆனா துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டீங்கன்னா, நெருப்பே இல்லாமத் தானா சூடாகித் தீப்பிடிச்சுக்கும். மிரட்டலை, நிஜம். வெளியில ஒத்தையா விரிச்சுக் காயப் போடுங்க. இல்லேன்னா தண்ணியில முக்கி வைங்க.

கார் ஒர்க்‌ஷாப்ல அடிக்கிற 2கே பெயின்ட்டை வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. அதுல இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலைப் பதம் பார்த்துடும். அதுதான் வேணும்னா, பாடியை ஒர்க்‌ஷாப்லயே கொடுத்து அடிச்சு வாங்குங்க.

லேக்கர் அடிச்சு முடிச்சாச்சா? இப்பத்தான் பரீட்சையே. தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ளே காஞ்சிருக்காது. மூணு நாலு வாரம் சும்மா தொங்கட்டும். அப்புறம் 1000, 1500, 2000 வாட்டர் பேப்பரை ஈரம் பண்ணி லேசா தேய்ச்சு, ரப்பிங் காம்பவுண்டு போட்டா முகம் பார்க்கலாம். ஸ்க்ரூ ஓட்டைகள்ல மட்டும் தண்ணி இறங்க விடாதீங்க. மரம் ஊறி, பூச்சு வெடிச்சிடும். அந்த மூணு வாரத்தை நான் மூணு நாளாக்கினேன். என் சட்டை கிழிஞ்ச கதை உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பெரிய பல்பு

அண்ணன் கிட்டாரோட பின்பக்கம், வெள்ளி கலர் மார்க்கர்ல நாலு கிறுக்கல் இருந்தது. தேய்க்கும்போது பார்த்தேன். ‘யாரோ கிறுக்கியிருக்காங்க’னு நினைச்சேன். 80 நம்பர் தாளுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை.

பொங்கலுக்கு அண்ணன் வந்தார். கிட்டாரை வாங்கி முன்னாடி பார்த்தார், திருப்பிப் பின்னாடி பார்த்தார். உள்ளங்கையால ஒரு தடவை தடவினார். ‘‘நல்லா இருக்குடா’’னு சொல்லி என்கிட்டயே கொடுத்துட்டார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை.

அம்மாதான் அப்புறம் சொன்னாங்க. காலேஜ் கடைசி நாள்ல அவங்க பேண்டுல இருந்த நாலு பேர் போட்ட கையெழுத்தாம் அது. அதுல டிரம்ஸ் வாசிச்ச பையன் அதுக்கு அடுத்த வருஷமே பைக் ஆக்ஸிடென்ட்ல போயிட்டானாம்.

பெயின்ட்டை மறுபடி அடிச்சுக்கலாம். கருகின மரத்தைக்கூட மறைச்சுடலாம். அந்தக் கையெழுத்தை எந்தக் கடையிலயும் வாங்க முடியலை பாஸ்.

அதனால திருச்சித் தம்பி, உப்புத்தாள் வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. மூடியைக் கழட்டி உள்ளேயும் பாருங்க. எழுத்து, ஸ்டிக்கர், தேதினு எது இருந்தாலும் போட்டோ எடுங்க. அப்புறம் அந்த சீனியருக்கு ஒரு போன் போட்டு, ‘‘அண்ணா, இதை உரிக்கப் போறேன். எதையாச்சும் விட்டு வைக்கணுமா?’’னு கேளுங்க. அவர் ‘‘அட, தாராளமா உரிடா’’னு சொல்லிட்டா, ஹீட் கன்னை ஆன் பண்ணுங்க. கல்ச்சுரல்ஸுக்கு சொறி பிடிச்ச கிட்டாரோடயே மேடை ஏறுங்க. யாரும் பெயின்ட்டைக் கேட்க வரப்போறதில்லை, உங்க வாசிப்பைக் கேட்கத்தான் வர்றாங்க.

என் கையில இப்பவும் அந்த சிவப்பு கிட்டார்தான் இருக்கு. பின்பக்கத்தை மட்டும் நான் மறுபடி தொடலை.

அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட மீட் பண்ணலாம். டேக் கேர்... மாஸ்க் முக்கியம்!