வளவில் எடுத்த படங்கள்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் ஸ்டூடியோக்களில் கல்யாண ஆர்டர் இராது, மார்கழியிலும் அப்படியே. மற்ற மாதங்களில் பஞ்சாங்கத்து முகூர்த்த நாள்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டு ஊர் ஊராய் அலைகிற நாங்கள், அந்த இரண்டு மாதங்களிலும் அடுப்பு எரிய வேண்டுமென்ற நிர்ப்பந்தத்தினாலேதான் முதலில் கட்டடங்களைப் படமெடுக்கப் போனோம். காரைக்குடிப் பக்கத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக இவ்விரு தொழிலையும் செய்துவருகிற எனக்கு, இவை இரண்டல்ல, ஒன்றேதான் என்ற எண்ணம் நாளுக்கு நாள் உறுதிப்பட்டு வருகிறது. அந்த ஒரு தொழிலை நம் சமூகம் ஆடம்பரச் செலவாக எண்ணுவது எத்தனை பெரிய நஷ்டத்தில் கொண்டுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டுமென்று தோன்றுகிறது.

செட்டிநாட்டு வீட்டில் கல்யாணப் படம் எடுத்தவர்களுக்கு ஒரு சங்கடம் தெரியும். மண்டபமானால் பிளாஷைக் கூரையில் மோதவிட்டு, அது மெத்தென்று திரும்பி வருகிற வெளிச்சத்தில் எடுத்துவிடலாம். வீட்டின் உள்முற்றப் பகுதியான வளவுக்கு நடுவிலோ கூரை கிடையாது, வானம்தான் இருக்கிறது. விடிந்தும் விடியாத முகூர்த்த நேரத்தில் மேலேயிருந்து நீலமாக ஒரு வெளிச்சம் இறங்கும். சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்களுக்குப் பின்னே இருட்டு. குத்துவிளக்கின் மஞ்சள் ஒரு பக்கம், வீடியோக்காரரின் விளக்கு மறுபக்கம். திருப்பூட்டுகிற, அதாவது தாலி கட்டுகிற, வேளையில் கெட்டிமேளம் முழங்கிக் கூட்டம் முழுவதும் எழுந்து முன்னே நெருங்க, தாலியான கழுத்துருவின் பொன்னில் வெளிச்சம் நேரே விழுந்து வெள்ளைத் திட்டாகிவிடாமலும், பெண்ணின் முகம் நிழலில் மறைந்துவிடாமலும், உணர்ச்சி மேலிட்டுக் குறுக்கே கை நீட்டுகிற உறவினரை மனம் நோகாமல் விலக்கியும், இரண்டு மூன்று க்ஷணங்களுக்குள் காரியத்தை முடித்தாக வேண்டும். ‘இன்னொரு தடவை’ என்று கேட்க முடியாத வேலை அது. முந்தின நாள் மாலையே போய் எந்தத் தூணோரம் நிற்பது என்று பார்த்து வைத்துக்கொண்டவனுக்குத்தான் அந்தப் படம் கிடைக்கும்.

அதே வளவுக்கு ஆடி மாதத்தில் போனால், அங்கே யாரும் இருப்பதில்லை. காவலுக்கு இருக்கும் பெரியவர் சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். காமிராவைச் சற்றே அண்ணாந்து பிடித்தாலும் தூண்களெல்லாம் பின்னுக்குச் சாய்ந்துவிழுவதுபோல் படத்தில் வந்துவிடும். ஆகையால் ரசமட்டம் பார்த்து முக்காலியை நிறுத்தி, காமிராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் வசதி கொண்ட டில்ட்-ஷிப்ட் லென்ஸைப் பொருத்த வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் துடைத்துவிட்டு, வெயில் முற்றத்துக்குள் இறங்கி எதிர்ச் சுவரில் ஏறும்வரையில் காத்திருக்க வேண்டும். முற்றத்து வெளிச்சத்துக்கு ஒன்று, உள்ளறை இருட்டுக்கு ஒன்று, நடுவே சில என்று ஒரே காட்சியைப் பலமுறை எடுத்துப் பின்னால் இணைக்க வேண்டும். காலை ஏழு மணிக்குப் போனால் நாலு நல்ல படங்களோடு மாலையில் திரும்புகிற வேலை. கல்யாணத்தில் க்ஷணத்துக்குக் காத்திருந்த கண், இங்கே சூரியனுக்குக் காத்திருக்கிறது.

இவ்விரண்டும் ஒன்றென்று எனக்குத் தெளிவானது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. மலேசியாவிலிருந்து வந்த ஓர் இளைஞர், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய தம் அக்காள் கல்யாணத்து நெகட்டிவ்கள் என்னிடம் இருக்கின்றனவா என்று விசாரித்தார். பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாமல் அவர்களுடைய வீடு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. எஞ்சிய முகப்பையாவது பழையபடி கட்டவேண்டுமென்பது அவருடைய ஆசை. தகரப் பெட்டியைத் திறந்து நெகட்டிவ் சுருள்களை வெளிச்சத்தில் பிடித்து, இது மாப்பிள்ளை, இது உங்கள் அக்காள் என்று நான் காட்டிக்கொண்டிருக்க, “அண்ணே, முகம் இருக்கட்டும், பின்னால இருக்கிற நிலையைத்தான் பார்க்கணும்” என்றார். மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே, நிலையின் உத்தரத்தில், இரு யானைகளுக்கு நடுவே கஜலட்சுமி தெளிவாக இருந்தாள். ஆசாரியிடம் காட்டுவதற்கு அந்த வீட்டின் வேறு ஆதாரம் எதுவும் உலகத்தில் இல்லை. அந்த நிலையைப் படமெடுக்கிறோம் என்று அன்று நான் நினைக்கவேயில்லை.

இப்படி ஆதாரமாக இருக்கக்கூடிய நெகட்டிவ்கள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணும்போது மனம் பதைக்கிறது. பழைய கறுப்பு-வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி உண்டு. டிஜிட்டல் வந்து தொழில் நொடித்தபோது, ஸ்டூடியோக்காரர்கள் பலர் ஒரு தலைமுறையின் முகங்களையும் வீடுகளையும் அந்த வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிட்டார்கள். போடாமல் வைத்திருந்தவர்களின் பெட்டியிலோ, உஷ்ணத்திலும் ஈரத்திலும் அசிடேட் சுருள் கெட்டு, திறந்தவுடனே காடி வாசனை முகத்தில் அடிக்கிறது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதுகாக்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் ஒரு காசு கொடுத்ததில்லை.

இன்றும் அந்த நிலைமை மாறிவிடவில்லை. ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் படங்கள் எடுக்கிறோம். அவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றிவைக்கும் செலவு, பேசுகிற தொகையில் ஒருபோதும் சேர்வதில்லை. பேசின தொகையே வந்து சேராத அனுபவமும் எனக்கு உண்டு. ஒரு குடும்பத்தார் ஆல்பத்தை வாங்கிப்போன பிறகு மீதித் தொகைக்காக இரண்டு ஆண்டுகள் நடந்தேன். கேட்பதற்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு வெற்றிலைத் தட்டு, ஓர் அட்வான்ஸ்.

படங்களின் உரிமை பற்றியும் எழுத்தில் எதுவும் இருப்பதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறதென்பது எடுப்பவர்களிலும் எடுக்கச் சொல்பவர்களிலும் பலருக்குத் தெரியாது. ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காகப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் அவரே என்கிறது 17ஆவது பிரிவு. படத்தின் ஆக்கியோன் என்ற ஸ்தானமோ எடுத்தவனுக்கு உரியது. அதாவது, அதே படங்களை நான் என் விளம்பரத்தில் போடுவதற்கு அந்தக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். ஒரு ஹோட்டல்காரர் நான் எடுத்த முற்றத்தை அச்சிடும்போது என் பெயரையும் சேர்த்துப் போடுவதே நியாயம். ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் தீர்ந்துவிடுகிற விஷயங்கள் இவை. தொகை எவ்வளவு, படங்களை யார் வெளியிடலாம், எத்தனை ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், அதற்கான கூலி என்ன என்பதை அதில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது இரு தரப்பாருக்கும் மரியாதை என்பதே என் திடமான அபிப்பிராயம். பாதுகாப்புக் கூலியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மற்றவை எல்லாம் பேசிக்கொள்ளக்கூடியவை.

சென்னை ராஜதானி அரசாங்கமே ஒரு காலத்தில் சம்பளம் கொடுத்துப் புகைப்படக்காரர் ஒருவரை நியமித்திருந்தது என்பதை, இதையெல்லாம் ஆடம்பரச் செலவாக எண்ணுகிறவர்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறேன். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858இல் மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்து, மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கிய பிரயாசையை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ஆனால் அடுத்து வந்த கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் இதை அரசுக்குத் தகாத ஆடம்பரம் என்று கருதி, அந்த ஏற்பாட்டையே நிறுத்திவிட்டார். டிரைப் எடுத்தவை இன்று அருங்காட்சியகங்களில் பொக்கிஷமாக இருக்கின்றன. அவர் எடுக்காமல் போன ஊர்களின் அன்றைய தோற்றத்தைத் தேடி எங்கே போவது?

இந்த ஆடியில், ஆவணிக் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க ஓர் ஆச்சி வந்திருந்தார்கள். நான் தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக வாசித்தார்கள். ‘படங்கள் பத்து ஆண்டுகள் பாதுகாக்கப்படும்’ என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, என் பேனாவை வாங்கி, பத்தை அடித்து இருபது என்று எழுதிவிட்டு, “இதுக்கு எவ்வளவு தம்பி கூடும்?” என்று கேட்டார்கள்.